பாசறையும் இல்லறமும்

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றின் கரையில், திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் உள்ளது. பெரிய காஞ்சியையும் சின்ன காஞ்சியையும் நன்கறிந்தவர்கள்கூடச் சினகாஞ்சி எனப் பெயர்பெற்ற இப்பகுதிக்கு வருவது அரிது. பல்லவர் காலத்துக் கலைப்பாணி விளங்கும் சந்திரப்பிரபர் கோயிலும், வர்த்தமானருக்கு உரிய திரைலோக்கியநாதர் கோயிலும் அங்கே அருகருகே நிற்கின்றன. பெரிய கோயிலின் பின்புறத்தே பழைய குராமரம் ஒன்று உண்டு. அது வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்று ஊரார் சொல்லுவர். நான் பிறந்த ஊர் அது. இளமையில் அம்மரத்தைப் பலமுறை அளந்து பார்த்திருக்கிறேன். ஊரார் கூற்றை மறுக்க என்னால் இயலவில்லை.

இக்கோயிலின் முன்னே அழகியதோர் மண்டபம் இருக்கிறது. சங்கீத மண்டபம் என்பது அதன் பெயர். அதனைக் கட்டுவித்தவன் இருகப்பன் என்னும் தண்டநாதன். விசயநகர வேந்தன் இரண்டாம் அரிகரன் காலத்தில் படைத்தலைவனாகவும் அமைச்சனாகவும் விளங்கியவன். வைசய தண்டநாதனின் மைந்தன். கி.பி. 1382-ஆம் ஆண்டில் அரிகரராயனின் மகன் புக்கராயனின் நலத்தின்பொருட்டு, மாவண்டூர்ப் பற்றைச் சேர்ந்த மகேந்திரமங்கலம் என்னும் ஊரை இக்கோயிலுக்கு அவன் வழங்கினான். ஐந்தாண்டுகள் கழித்து, 1387-ஆம் ஆண்டளவில், தன் ஆசிரியராகிய புட்பசேனரின் சொற்படி இம்மண்டபத்தை எடுப்பித்தான். இடையில் அம்பியிலும் ஒரு சினாலயம் கட்டினான். வாள் பிடித்த கையால் எழுத்தாணியும் பிடித்து, 'நாநார்த்த ரத்னமாலா' என்னும் வடமொழி அகராதியையும் இயற்றினான். மண்டபத் தூணொன்றில் இருகப்பனுடைய உருவம் என்று சொல்லப்படும் சிற்பம் ஒன்று உளது.

மாணவப் பருவத்தில் அத்தூணின் முன் நின்று நான் கேட்டுக்கொண்ட வினா ஒன்று உண்டு. துங்கபத்திரைக் கரையில் ஒரு கோயில், வேகவதிக் கரையில் ஒரு மண்டபம், இடையே எத்தனையோ போர்முனைகள் என்று திரிந்த இத்தலைவனுக்கு வீடு எங்கே இருந்தது? அவ்வீட்டில் இருந்தவள் யார்? அவன் தந்தையின் பெயரைக் கல்வெட்டு சொல்லுகிறது. ஆசிரியரின் பெயரைச் சொல்லுகிறது. அரசனின் பெயரைச் சொல்லுகிறது. மனைவியைப் பற்றி இம்மண்டபச் சாசனம் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வினா எனக்கு எழுந்ததற்குக் காரணம் உண்டு. என் தாயும் ஒரு படைவீரனின் மனைவியே. அவர்களுடைய கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் வரலாற்றிற்குள் செல்வோம்.

நம் நாட்டுப் பழைய சாசனங்கள் போர் புரிந்தோரின் மனைவியரை அறவே மறந்தன என்று கூறிவிட முடியாது. ஆனால் பெரும்பாலும் கணவன் மாண்ட பின்னரே அவை அவர்களைக் காண்கின்றன. காஞ்சியில் இருந்த பொன்மாளிகையில் சுந்தர சோழன் உயிர்நீத்தபோது, அவன் தேவி வானவன்மாதேவி கைக்குழந்தையையும் பிரிந்து உடன் எரி புகுந்தாள் என்பதைக் கல்லும் செப்பேடும் கூறுகின்றன. காஞ்சிக்கு அண்மையில் செய்யாற்றுப் பகுதியில் உள்ள பிரமதேசத்தில் மற்றொரு கல்வெட்டு உண்டு. கி.பி. 1044-இல் இராசேந்திர சோழன் மறைய, அவனோடு தீப்புகுந்த வீரமாதேவியின் நீர்வேட்கை தணியும்படி, அவள் உடன்பிறந்தானாகிய சேனாபதி ஒருவன் தண்ணீர்ப் பந்தல் வைத்தான் என்கிறது அது. இக்கல்வெட்டைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. உயிரோடிருந்த நாளில் அவள் வேட்கை யாது, விருப்பம் யாது என்று எழுதிவைத்தவர் ஒருவருமிலர். தீயில் வெந்த பிறகுதான் அவள் தாகம் கல்லில் ஏறியது.

அரசியரை விட்டு எளிய வீரரிடம் வருவோம். செங்கம் பகுதியில் காணப்படும் நடுகற்கள் ஊர் ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட மறவர்களின் பெயர்களை நமக்கு அளிக்கின்றன. அவ்வாறு மாண்டவர்களின் வழியினர்க்கு ஊராரும் அரசரும் நிலம் வழங்கிய வழக்கமும் இருந்தது. உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று அந்நிலங்களுக்குப் பெயர். நெய்த்தோர் என்பது குருதியைக் குறிக்கும் பழஞ்சொல். குருதிக்கு ஈடாகக் கொடுத்த வயல் என்பது பொருள். இன்று நாம் குடும்ப ஓய்வூதியம் என்று சொல்லுவதற்கு இதுவே நம் நாட்டு முன்னோடி என்று கருதுகிறேன். வயலைப் பெற்ற கைம்பெண் அதனை எவ்வாறு உழுவித்தாள், பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தாள் என்பதை நடுகல் கூறாது.

காஞ்சிப் பகுதியில் வாழும் நமக்கு மற்றொரு செய்தி சுவையுடையது. சோழர் படையில் தெரிஞ்ச கைக்கோளர் என்னும் பிரிவுகள் பல இருந்தன. சமரகேசரித் தெரிஞ்ச கைக்கோளர், விக்கிரமசிங்கத் தெரிஞ்ச கைக்கோளர் என அரசர்தம் பட்டப்பெயர்களைத் தாங்கி அவை விளங்கின. கைக்கோளர் என்னும் பெயர் பிற்காலத்தில் நெசவுத் தொழிலாளர்க்கு உரியதாய் நிற்கிறது. அக்காலத்துப் படையினர் தறியும் நெய்தனரா, அன்றிக் கைவலிமையால் அப்பெயர் பெற்றனரா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமைப்பாடு இல்லை. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த என்னைக் கேட்டால், இரண்டும் ஒரே வீட்டில் இருந்திருக்கக்கூடும் என்பேன். ஒருவன் படைக்குச் சென்றால் அவன் தறி என்னாகும் என்பதை நான் கண்ணாரக் கண்டவன்.

கல்லில் இல்லாத பெண்ணைச் சொல்லில் காணலாம். தொல்காப்பியர் ஓதல், பகை, தூது என்னும் மூன்றும் ஆடவன் இல்லத்தைப் பிரிதற்குரிய காரணங்கள் என்று வகுத்தார். பாசறையில் மகளிரோடு உடனுறைதல் இல்லை என்றும் விதித்தார். ஆகவே போர்வீரனின் இல்லறம் என்பது பிரிவோடு கூடிய இல்லறம் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் இலக்கணம் உணர்ந்திருந்தது. உலகின் பிற மொழி இலக்கணங்கள் சொற்களையும் தொடர்களையும் ஆராய்ந்து நின்றபோது, நம் இலக்கணம் கணவன் போர்க்குச் சென்ற வீட்டின் நிலையையும் ஆராய்ந்தது.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதனை மாணவர்கள் மனப்பாடம் செய்வதோடு நில்லாது, போர்வீரன் வீட்டைக் காட்டும் ஓவியமாகவும் காணல் வேண்டும். தலைவி தனியே இருக்கிறாள். வீட்டிலுள்ள முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாயைப் பிரிந்து வருந்தும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி ஆறுதல் கூறுவது அவர்கள் காதில் விழுகிறது. அதுவே நன்னிமித்தம் என்று வந்து தலைவிக்கு உரைக்கின்றனர். அவள் தேற முயல்கிறாள். தேற முடியாமல் மீண்டும் வருந்துகிறாள். மீண்டும் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். அதே இரவில் பாசறையில் அரசனும் உறக்கம் கொள்ளாதிருக்கிறான். புண்பட்ட யானைகளும், செஞ்சோற்றுக் கடன் கழித்து மாண்ட வீரரும் அவன் நினைவில் நிற்கின்றனர். அவள் நெஞ்சம் அவனிடத்தே இருக்கிறது. அவன் நெஞ்சமோ களத்தில் இருக்கிறது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலும் இவ்வாறே. வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காணப் பாசறையில் நடக்கும் மன்னனையும், அரண்மனைக் கட்டிலில் துயருறும் அரசியையும் புலவர் அடுத்தடுத்து நிறுத்துகிறார். இவ்விருவர் மனங்களுக்கும் இடையேயுள்ள தொலைவு வழியின் தொலைவினும் பெரிது. படைவீரரின் இல்லறத்தில் உண்மையான இடர் இதுவே என்பது என் கருத்து.

முல்லைத்திணையில் பருவம் குறித்துப் பிரிதல் என்னும் வழக்கமும் உண்டு. கார்காலத்தில் மீள்வேன் என்று தலைவன் சொல்லிச் செல்லுகிறான். கார் வந்துவிடுகிறது, அவன் வரவில்லை. அப்பொழுது தோழி, இது கார்ப்பருவமே அன்று, பருவமல்லாத பருவத்தில் பெய்த வம்ப மழை என்கிறாள். கொன்றையும் முல்லையும் அறியாமையால் பூத்துவிட்டன என்று அவற்றின்மேல் பழி சுமத்துகிறாள். பேராசிரியர்கள் இத்துறையை நயம்பட விளக்குவர். எனக்கோ இதில் நயத்தினும் மிகுதியாக ஓர் எச்சரிக்கை தோன்றுகிறது. தோழி சொல்லுவது பொய் என்று தலைவிக்குத் தெரியாதா? மழையை அறியாதவளா அவள்? அன்பினால் சொல்லும் பொய்யும் பொய்யே. அது ஓரிரவைக் கழிக்க உதவும். ஓராண்டைக் கழிக்க உதவாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்திற்கு வருவோம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், கர்னல் பெய்லியின் படை ஐதர் அலியாலும் திப்புவாலும் சின்னாபின்னமாக்கப்பட்டது. சீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போர் பெரிய ஓவியமாக இன்றும் உளது. யானையும் குதிரையும் பல்லக்கும் அதில் உண்டு. மாண்ட சிப்பாய்களின் வீடுகளில் அன்றிரவு நிகழ்ந்ததை எவரும் தீட்டவில்லை.

எனினும் சென்னைப் படையின் வரலாற்றில் ஒரு தனித்தன்மை உண்டு. வங்காளப் படையின் சிப்பாய்கள் மனைவி மக்களைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுத் தனியே பணிபுரிந்தனர். சென்னைப் படையின் சிப்பாய்களோ குடும்பத்தைத் தம்மோடு அழைத்துச் சென்றனர். படைவீடுகளின் அருகே மனைவியரும் குழந்தைகளும் முதியோரும் குடியிருந்தனர். பட்டாளம் இடம் மாறினால் ஓர் ஊரே பெயர்ந்து செல்வதுபோல் வண்டிகளிலும் கால்நடையாகவும் அவர்களும் பெயர்ந்தனர். வண்டிக்கூலிக்கும் வழிச்செலவுக்கும் கடன் வாங்கிய சிப்பாய் பலர். ஆயினும் மாலையில் வீடு திரும்பும் பேறு அவர்களுக்கு இருந்தது.

கடல் கடக்கும் கட்டளை பிறந்தபோதுதான் இவ்வாழ்க்கை உடைந்தது. 1780 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கப்பலேறுமாறு பணிக்கப்பட்ட சிப்பாய்கள் மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். குடும்பத்தைக் கரையில் விட்டுச் செல்லும் அச்சமும் அம்மறுப்பில் கலந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். பின்னர் 1810-இல் மொரீசியசுக்கும், 1824-இல் பர்மாவுக்கும், 1840-இல் சீனத்துக்கும் சென்னைப் படையினர் அனுப்பப்பட்டனர். இவ்வாறு அயல்நாடு செல்வோர் தம் ஊதியத்தில் ஒரு பங்கைக் குடும்பத்திற்கென ஒதுக்கிச் செல்லவும், அத்தொகையை ஊரிலேயே மனைவியோ பெற்றோரோ திங்கள்தோறும் பெற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டது. சிப்பாய்களின் மைந்தரைச் சிறுவர் பட்டியலில் சேர்த்துச் சிறு ஊதியம் தந்து வளர்க்கும் முறையும் இருந்தது. மாண்ட சிப்பாயின் மகனுக்கும் இவ்வகையில் இடம் கிடைத்தது. ஆட்சியாளர் இதனை இரக்கத்தால் மட்டும் செய்யவில்லை. வீட்டைப் பற்றிய கவலை தீராத வீரன் நன்கு போரிடான் என்னும் கணக்கும் இதில் அடங்கியிருந்தது. கணக்கு எதுவாயினும், வீரனின் வீடு படையின் பொறுப்பு என்னும் கொள்கை இதனால் ஊன்றிற்று.

முதல் உலகப்போரில் பிரான்சு சென்ற இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கையாளர் பிரித்துப் படித்து, பகுதிகளை மொழிபெயர்த்து வைத்தனர். அத்தொகுப்புகள் இலண்டனில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வடநாட்டு வீரர்களுடையவை. தணிக்கையாளரின் ஐயப்பாடு வரலாற்று மாணவனுக்குப் பெரும் பேறாயிற்று என்பது வேடிக்கை. ஒருவர் உள்ளத்தைத் திருடிப் பார்த்தவர்களால்தான் அவ்வுள்ளம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

சென்னைக் காலாட்படை அப்போருக்குப் பின் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போரின்போது 1941-இல் மதராஸ் ரெஜிமெண்ட் என மீண்டும் எழுந்தது. நீலகிரியில் உள்ள வெலிங்டன் அதன் நடுவிடமாயிற்று. மலேயாவிலோ வேறொரு புதுமை நிகழ்ந்தது. 1943-இல் நேதாசி அமைத்த ஜான்சிராணிப் படையில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். அப்படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, இந்திய தேசியப் படையின் தளபதிகளுள் ஒருவரான பிரேம்குமார் சேகலை 1947-இல் மணந்தார். பாசறையில் பெண்ணுக்கு இடமில்லை என்ற பழைய விதி அங்கே தளர்ந்தது. அது தனியே பேசுதற்குரிய பொருள்.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் தந்தையார் 1952-இல் படையில் சேர்ந்தார். அதுவரை பட்டுத்தறி நெய்தவர். 1954-இல் திருமணம், அடுத்த ஆண்டில் நான் பிறந்தேன். படையில் களநிலையம் என்றும் அமைதிநிலையம் என்றும் இருவகை உண்டு. அமைதிநிலையத்தில் குடும்பத்தோடு வாழலாம்; அதற்கும் வீடு கிடைக்க வேண்டும். எங்களுக்கு அது கிட்டியதே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் தந்தையாரை, முதல் நாள் யாரோ ஒரு விருந்தினர் என்றே நான் எண்ணியிருக்கிறேன். பழகிக் கொண்ட வேளையில் அவர் புறப்பட்டுவிடுவார்.

அவர் இல்லாத வீட்டில் தறி நின்றது. காஞ்சிப் பட்டில் கோர்வை போட இருவர் வேண்டும். நெய்பவர் ஒருவர், கரைநாடாவை எறியப் பக்கத்தில் ஒருவர். என் தாயார் பிறர் வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக் கூலி பெற்றார்கள். நான் பள்ளி விட்டதும் பெரியப்பா வீட்டுத் தறியில் கோர்வைக்கு உட்காருவேன். திங்கள்தோறும் தந்தையாரின் மணியார்டர் வரும். மணியார்டர்த் தாளின் அடியில் செய்தி எழுதச் சிறு இடம் அக்காலத்தில் இருந்தது. அதில் அவர் எழுதும் இரண்டு வரியே அம்மாதத்தின் சிறந்த பொருள்.

தாயாருக்கு அப்போது எழுதத் தெரியாது. ஆகவே நான் எழுதுவேன். கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லாமையால், கடிதம் என் பெயராலேயே 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்கும். 'அம்மா சொல்லச் சொன்னார்கள்' என்றுதான் ஒவ்வொரு செய்தியும் செல்லும். எட்டு வயதுப் பையனின் கைவழியே ஒரு மனைவி கணவனிடம் எதைத்தான் சொல்ல முடியும்? வீட்டில் யாவரும் நலம், மழை பெய்தது, பையன் நன்றாகப் படிக்கிறான். ஆண்டு முழுவதும் அவ்வளவே. தந்தையாரின் முகவரியோ '56 ஏ.பி.ஓ.' என்னும் எண்தான். அவர் பனிமலையில் இருக்கிறாரா, பாலைவனத்தில் இருக்கிறாரா என்பதும் எங்களுக்குத் தெரியாது. இரு பக்கமும் இடத்தை மறைத்த கடிதங்கள்; இரு பக்கமும் துன்பத்தை மறைத்த கடிதங்கள்.

1963-இல் என் பாட்டியார் நோயுற்றார். மருத்துவச் செலவுக்குப் பணமில்லை. தாயார், தந்தையாரின் தறியை விற்றுவிட்டார்கள். களத்தில் இருப்பவர் மனம் வருந்துமே என்று அதைக் கடிதத்தில் எழுதவேண்டாம் என்றார்கள். 'இது காரன்று' என்ற தோழியின் சொல்லே எங்கள் வீட்டில் இவ்வாறு வடிவெடுத்தது. ஆனால் உறவினர் ஒருவர் எழுதிவிட்டார். எழுதியவர் விற்ற செய்தியை எழுதினாரேயன்றி, நோயின் செய்தியை எழுதவில்லை. அதன்பின் மூன்று திங்கள் தந்தையாரிடமிருந்து கடிதம் வரவில்லை. மணியார்டர் மட்டும் தவறாமல் வந்தது. செய்தி எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடத்தைத் தாயார் விரலால் தடவிப் பார்த்ததை நான் கண்டேன். அவர்களுக்கு எழுத்து தெரியாது, வெறுமை தெரிந்தது.

அடுத்த ஆண்டு விடுப்பில் அவர் வந்தபோது முதல் ஒரு வாரம் இருவரும் அளந்தே பேசினர். எட்டாம் நாள் இரவு நெடுநேரம் பேச்சுக்குரல் கேட்டது. உறங்குவதுபோல் படுத்திருந்த எனக்கு எல்லாம் விளங்கவில்லை. "விற்றதற்குக் கோபமில்லை, மூன்றாம் மனிதர் சொல்லி நான் தெரிந்துகொள்ளலாமா" என்று தந்தையார் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. "அங்கே உங்களுக்குக் காலில் அடிபட்டதை நீங்கள் எழுதினீர்களா" என்று தாயார் திருப்பிக் கேட்டார்கள். அவர் விடை கூறவில்லை. அவர் காலில் இருந்த தழும்பை அவ்வாரத்தில்தான் நாங்கள் பார்த்திருந்தோம்.

அவர் திரும்பிச் செல்லுமுன் இருவரும் சில ஏற்பாடுகள் செய்துகொண்டனர். கடிதங்களுக்கு எண் இடுவது முதலாவது. படை அஞ்சலில் கடிதங்கள் முன்பின்னாக வரும். பழைய கடிதத்தைப் புதியதென்று எண்ணி வீண் கவலையும் வீண் சினமும் கொள்வது எங்கள் வீட்டில் மட்டுமன்று, படைவீரர் வீடுகள் பலவற்றிலும் நிகழ்ந்தது. கிடைத்த கடிதத்தின் எண்ணை மறுகடிதத்தில் குறிப்பிட்டு 'கிடைத்தது' என்று எழுதவேண்டும் என்பதும் உடன்பாடு. அடுத்தது, துன்பச் செய்தி எதுவாயினும் முதல் வரியிலேயே வரவேண்டும் என்பது. நலம் நலம் என்று தொடங்கி அடியில் இடியை வைப்பது கூடாது என்றார் தந்தையார். தாயாரின் பங்கு வேறு. அவர்கள் அவ்வாண்டே ஊரில் நடந்த முதியோர் வகுப்பில் சேர்ந்தார்கள். பகலெல்லாம் தார் சுற்றிய கை இரவில் பலகை பிடித்தது. ஓராண்டில் என் உதவியின்றிக் கடிதம் எழுதலானார்கள். அதன்பின் அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. தந்தையாரின் கடிதங்கள் மட்டும் நீண்டன.

1965-இல் போர் வந்தது. ஊராட்சி வானொலிப் பெட்டியின் முன் ஆடவர் கூட்டம் நிற்கும். அதன் பின்னே, சுவரோரமாக, தாயாரும் வேறு இரு பெண்களும் நிற்பார்கள். செய்தி முடிந்ததும் அவர்களுள் ஒருவர் வீட்டில் மூவரும் உண்பர். எவரிடம் கடிதம் வந்தாலும் அதனை மூவரும் கேட்பர். ஒருவருக்கொருவர் பொய்யான ஆறுதல் கூறிக்கொள்வதில்லை என்று அவர்களிடையே ஒரு பேச்சு இருந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 23-இல் போர் நின்றபின் எங்கள் வீட்டுக்கும் மற்றொரு வீட்டுக்கும் கடிதம் வந்தது. மூன்றாவது வீட்டுக்குத் தந்தி வந்தது. அந்த அம்மையாரின் தறிக்கு என் தாயார் பல ஆண்டுகள் கூலி பெறாமல் தார் சுற்றினார்கள்.

அடுத்த ஆண்டு, 1966 ஆகத்து 23-ஆம் நாள், படைவீரர் மனைவியர் நலச் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது. வீரரின் மனைவியர்க்கும் கைம்பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் உரிய பணிகளை இன்றளவும் அது செய்து வருகிறது. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் உள்ளன. ஆனால் சுவரோரத்தில் நின்ற மூன்று பெண்களிடம் அச்சங்கத்தின் கரு முன்னரே இருந்தது என்பதை நான் அறிவேன். அத்தகைய பெண்கள் எத்தனை ஊர்களில் நின்றிருப்பார்கள்! வேலூர்ப் பகுதியில், வீட்டுக்கு ஒருவர் படையில் சேர்ந்ததால் இராணுவப்பேட்டை என்றே வழங்கும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இவ்வரலாறு தெருத்தெருவாக இருக்கிறது.

இன்று கையகத்தே தொலைபேசி உண்டு. பனிமுகட்டில் நிற்பவர் முகத்தையும் சில வேளைகளில் வீட்டிலிருந்தே காணலாம். ஆயினும் கல்வெட்டின் பழைய வழக்கம் முற்றும் மாறிவிடவில்லை. மேஜர் முகுந்து வரதராஜன் 2014-இல் காசுமீரத்தில் வீரமரணம் எய்தினார். 2015 குடியரசு நாளன்று அவருக்குரிய அசோகச் சக்கரத்தை அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீசு பெற்றுக்கொண்டபோதுதான் நாடு அவரை அறிந்தது. ஒரு வேறுபாடு உண்டு. அது பெரிய வேறுபாடு. வீரமாதேவி பேசவில்லை, இவர் பேசினார். தம் கணவரைப் பற்றித் தாமே சொன்னார். 2024-இல் வெளிவந்த 'அமரன்' திரைப்படமும் அவ்விருவரின் வரலாற்றை மனைவியின் நினைவாகவே கூறிச் செல்லுகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ உறவிலோ படைவீரர் குடும்பங்கள் இருந்தால், அங்குள்ள பழைய இன்லண்ட் கடிதங்களைப் பற்றிக் கேளுங்கள். நீல மை வெளுத்து வருகிறது. மடிப்புகளில் தாள் அறுந்து வருகிறது. அவற்றுள்ளும் ஒரு குறை இருக்கும். வீட்டுக்கு வந்த கணவனின் கடிதங்கள் பெட்டியில் இருக்கும். பாசறைக்குச் சென்ற மனைவியின் கடிதங்கள் இரா. இடம் பெயர்ந்துகொண்டே இருந்த வீரன் எவ்வளவு சுமப்பான்? என்னிடம் தந்தையாரின் கடிதங்கள் 61 உள்ளன. தாயார் எழுதியவற்றுள் எஞ்சியது ஒன்றே.

அது எஞ்சிய கதை இது. 1967 திசம்பரில் தந்தையார் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். ஐப்பசி மழையில் சரிந்திருந்த வடக்குச் சுவரை முதல் வேலையாகத் தாமே எடுத்துக் கட்டினார். தை மாதத்தில் ஒருநாள் அஞ்சல்காரர் ஒரு கடிதம் கொணர்ந்தார். தாயார் ஐப்பசியில் அனுப்பியது. படைமுகாம்தோறும் அலைந்து, முத்திரைகள் பல ஏற்று, உரியவரைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்திருந்தது. தந்தையார் திண்ணையில் அமர்ந்து அதனைப் பிரித்தார். தாயார் உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கோணல் எழுத்தில் முதல் வரி, வடக்குச் சுவர் விழுந்துவிட்டது என்பது. மற்ற வரிகளை அவர் நெடுநேரம் படித்தார். பிறகு என்னிடம் பென்சில் வாங்கி, ஓரத்தில் எழுதினார்: '143 கிடைத்தது. சுவர் கட்டியாயிற்று.'